மாங்கொட்டையின் முதல் இரண்டு நாள்

பெங்களூரா மாம்பழம் ஒரு டன் கூழ் ஆலைக்குள் போனால் ஏறத்தாழ பாதிதான் கூழாகப் பீப்பாயில் அடைபடும். மீதி தோலும் நாரும் கொட்டையுமாக ஆலையின் பின்வாசல் வழியாக வெளியே வரும். ரகத்தையும் பழுத்த பக்குவத்தையும் பொறுத்துப் பழத்தின் எடையில் 10 முதல் 25 விழுக்காடு வரை கொட்டை இருக்கும். ஜூன் தொடங்கி ஆகஸ்ட் வரை சித்தூர், பங்காருபாளையம், குடிபாலா வட்டாரத் தோப்புகளும், ஆந்திர எல்லைக்கு இந்தப் பக்கம் பரதராமி, குடியாத்தம், கிருஷ்ணகிரித் தோப்புகளும் அனுப்பும் காயின் அளவை நினைத்துப் பார்த்தால், அந்தப் பின்வாசலில் குவிவது சிறு குப்பை அல்ல என்பது விளங்கும். அதில் ஒரு பகுதி நாற்றுப்பண்ணைக்குப் போகிறது. ஒரு பகுதி காய்ந்த பின் அடுப்பெரிக்கப் போகிறது. மற்றது பள்ளத்தில் கொட்டப்பட்டு மழையில் அழுகுகிறது.

நான் பரதராமிக்காரன். வீட்டில் தமிழும் சந்தையில் தெலுங்குமாக வளர்ந்தவன். குடியாத்தத்தில் ஒரு கல்லூரியில் வேதியியல் கற்பிக்கிறேன். எங்கள் தோப்புக் காய் தாத்தா காலத்திலிருந்து சித்தூருக்குத்தான் போகிறது. 1911ஆம் ஆண்டு வரை வட ஆர்க்காடு மாவட்டத்தின் தலைநகரே சித்தூர்தான். மாநில எல்லை வந்த பிறகும் வியாபாரம் அந்தப் பழைய தடத்தை விடவில்லை. சில ஆண்டுகளாகப் பருவந்தோறும் மாணவர்களோடு சேர்ந்து இந்தக் கொட்டையிலிருந்து ஆக்சிஜனேற்றத் தடுப்பான்களை, அதாவது மருந்துக்கடை மொழியில் ஆண்டி ஆக்சிடண்டுகளை, பிரித்தெடுக்கும் வேலையில் ஈடுபட்டிருக்கிறேன். இதைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கரைப்பானிலிருந்துதான் தொடங்குவார்கள்: எந்த ஆல்கஹால், எத்தனை டிகிரி, எத்தனை நிமிடம் என்று. நான் பார்த்த வரையில் அது பாதி வேலைகூட இல்லை. பழத்தைவிட்டு வெளியே வந்த முதல் இரண்டு நாளில் கொட்டைக்கு என்ன நேர்கிறது என்பதுதான், பிற்பாடு குடுவையில் என்ன கிடைக்கும் என்பதைத் தீர்மானிக்கிறது.

முதலில் உள்ளே இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். நார் படிந்த கட்டையான ஓடு, அதற்குள் மெல்லிய பழுப்புத் தோல், அதற்குள் பருப்பு. பச்சைப் பருப்பில் ஏறத்தாழ பாதி நீர். உலர்த்திய பருப்பில் பாதிக்கு மேல் மாவுச்சத்து, 6 முதல் 15 விழுக்காடு வரை கொழுப்பு, கொஞ்சம் புரதம், பிறகு டானின் முதலான ஃபீனால் சேர்மங்கள். கொழுப்புக்கு ஏற்கெனவே மதிப்பு உண்டு. ஸ்டியரிக் அமிலமும் ஒலியிக் அமிலமும் மிகுந்திருப்பதால் அது அறை வெப்பத்தில் உறைந்தும் வாயில் உருகியும் கோக்கோ வெண்ணெயைப்போல நடந்துகொள்ளும். ஐரோப்பிய ஒன்றியம் 2000ஆம் ஆண்டில் இயற்றிய சாக்லேட் சட்டம், கோக்கோ வெண்ணெய் அல்லாத ஆறு தாவரக் கொழுப்புகளை 5 விழுக்காடு வரை சேர்க்க அனுமதிக்கிறது. அந்த ஆறில் மாங்கொட்டைக் கொழுப்பும் ஒன்று. நம் நாட்டுச் சால் விதையும் கோகமும் அதே பட்டியலில் இருக்கின்றன. ஆகவே மாங்கொட்டை உலகம் அறியாத பொருள் அல்ல. நம் ஊர்ப் பள்ளத்தில்தான் அதற்கு மரியாதை இல்லை.

கொழுப்பை எடுத்த பின் எஞ்சும் மாவில்தான் எனக்கு அக்கறை. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இருவர் 2004இல் வெளியிட்ட ஆய்வொன்றில் சில பழ விதைகளின் மொத்த ஃபீனால் அளவை ஒப்பிட்டிருந்தார்கள். காலிக் அமிலத்தை அளவுகோலாகக் கொண்டு, கிராமுக்கு மாம்பருப்பில் 117 மில்லிகிராம், புளியங்கொட்டையில் 94.5, பலாக்கொட்டையில் 27.7 என்று அவர்கள் கண்டார்கள். பலாக்கொட்டையை வேகவைத்துக் குழம்பில் போட முடிவதற்கும், மாம்பருப்பை ஒரு துண்டு கடித்தால் நாக்கு இழுத்துக்கொள்வதற்கும் இந்த எண்களே விளக்கம். ரகம், மண், அளக்கும் முறை ஆகியவற்றைப் பொறுத்து இந்த அளவு ஆய்வுக்கு ஆய்வு பெரிதும் மாறும் என்பதால், 117 என்பதை ஒரு வாக்குறுதியாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. வரிசையை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

நாக்கை இழுக்கும் அந்தத் துவர்ப்பு, உமிழ்நீரிலுள்ள புரதத்தோடு டானின் பிணைவதால் உண்டாவது. எங்கள் பக்கத்துக்கு இது புதிய வேதியியல் அல்ல. பாலாற்றங்கரையில் வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டைத் தோல் பதனிடும் தொழில் ஆவாரம்பட்டையையும் கடுக்காயையும் நம்பி வளர்ந்தது. பட்டையின் டானின் தோலின் புரதத்தைப் பிணைத்தால் தோல் அழுகாது, அவ்வளவுதான் சூட்சுமம். வயிற்றுப்போக்குக்கு மாம்பருப்பை இழைத்துக் கொடுக்கும் கைவைத்தியமும் அதே துவர்ப்பை நம்பியதுதான். மாம்பருப்பில் உள்ளவை கடுக்காயைப் போலவே பெரும்பாலும் நீராற்பகுக்கத்தக்க, அதாவது நீரோடு வினைபுரிந்து உடையக்கூடிய, டானின்கள்: ஒரு குளுக்கோஸ் மூலக்கூறைச் சுற்றி ஐந்து காலிக் அமிலத் துண்டுகள் ஒட்டிக்கொண்டால் பெண்டாகாலாயில் குளுக்கோஸ், அதற்கு மேலும் துண்டுகள் சேர்ந்தால் காலோடானின்கள். தனியாக நிற்கும் காலிக் அமிலம், எலாஜிக் அமிலம், கொஞ்சம் மாஞ்சிஃபெரின் ஆகியவையும் உடன் இருக்கும்.

இவை எண்ணெயைக் காக்கும் விதத்தைச் சொல்லாமல் மேலே போக முடியாது. கடலை எண்ணெயிலுள்ள நிறைவுறாக் கொழுப்பு அமிலம் ஒன்று வெளிச்சத்தாலோ சூட்டாலோ, இரும்பு அல்லது செம்பின் சுவட்டாலோ ஒரு ஹைட்ரஜன் அணுவை இழந்து தனி உறுப்பாகிறது, அதாவது ஜோடியில்லாத ஒற்றை எலக்ட்ரானோடு அலையும் மூலக்கூறாகிறது. அது காற்றிலுள்ள ஆக்சிஜனைப் பற்றிக்கொண்டு பெராக்சி உறுப்பாகிப் பக்கத்து மூலக்கூறின் ஹைட்ரஜனைப் பறிக்கிறது. பறிகொடுத்தது தன் பங்குக்கு அடுத்ததிடம் பறிக்கிறது. இப்படிச் சேரும் ஹைட்ரோபெராக்சைடுகள் உடைந்து ஹெக்சனால் போன்ற ஆல்டிஹைடுகளாகும்போதுதான் நம் மூக்குக்குச் சிக்கு வாடை எட்டுகிறது. அதாவது வாடை வரும்போது காரியம் முற்றியிருக்கிறது. ஃபீனால் மூலக்கூறு இந்தச் சங்கிலியில் குறுக்கிட்டுத் தன் ஹைட்ரஜனைக் கொடுத்துவிடும். பிறகு அதுவும் ஒரு தனி உறுப்புத்தான் என்றாலும், தன் வளையத்துக்குள்ளேயே அந்த ஒற்றை எலக்ட்ரானைப் பகிர்ந்துகொண்டு, காதில் விழுந்த வதந்தியை அடுத்தவரிடம் சொல்லாமல் விடுகிற ஆளைப்போல அமைதியாக இருந்துவிடும். காலிக் அமிலத்தில் இப்படிக் கொடுக்கக்கூடிய ஹைட்ராக்சில் தொகுதிகள் மூன்று; பெண்டாகாலாயில் குளுக்கோஸில் பதினைந்து.

தொழிற்சாலைகள் இந்த வேலைக்குப் பயன்படுத்துவன பி.எச்.ஏ., பி.எச்.டி., டி.பி.எச்.கியூ. ஆகிய செயற்கைப் பொருள்கள். இவை மலிவு, மணமற்றவை, எண்ணெயில் நன்றாகக் கரையும். இந்தியாவில் எண்ணெய்க்கு டி.பி.எச்.கியூ. 200 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 200 பங்கு) வரை அனுமதிக்கப்பட்டுள்ளது, ஜப்பானில் அதற்கு அனுமதியே இல்லை. பி.எச்.ஏ.வைப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்ற ஐயத்துக்குரிய பட்டியலில் வைத்திருக்கிறது. இதை வைத்துப் பயமுறுத்தும் காணொளிகள் நம் ஊரில் ஏராளம். அனுமதிக்கப்பட்ட அளவில் அவற்றால் உடனடி ஆபத்து என்று சொல்ல எனக்கு ஆதாரம் இல்லை. ஆனால் ரோஸ்மேரி இலைச் சாற்றைத் தடுப்பானாக ஏற்றுக்கொள்ளும் சந்தை மாங்கொட்டைச் சாற்றையும் ஏற்கும் என்று எதிர்பார்ப்பதில் தவறில்லை. இன்னொரு வேடிக்கையும் உண்டு. அனுமதிக்கப்பட்ட பழைய தடுப்பான்களில் ஒன்றான புரோபைல் காலேட், காலிக் அமிலத்தின் எஸ்டர்தான். செயற்கை என்று பெயர் வாங்கிய அதன் மூலப்பொருள் நம் கொட்டைக்குள்ளேயே இருக்கிறது.

இனி முற்றத்துக்கு வருவோம். ஆலையில் பழத்தைக் கழுவி, கொட்டையைப் பிரிக்கும் இயந்திரத்தில் விட்டதும், கூழும் சர்க்கரையும் வழிய வழியக் கொட்டைகள் ஒரு பக்கம் விழும். டிராக்டர் அதை அள்ளி முற்றத்துக் கோடியில் கொட்டும். காலையில் கொட்டிய குவியலுக்குள் மாலையில் முழங்கை அளவு கையை விட்டால் சூடு தெரியும். மறுநாள் புளித்த கள்ளின் வாடை எழும். மூன்றாம் நாள் ஓட்டின் நாரில் பச்சையும் கறுப்புமாகப் பூஞ்சை பூத்திருக்கும். அங்கே கொட்டை அள்ளும் ஒரு பாட்டியம்மா, நாங்கள் முதல் தடவை கோணியோடு போய் நின்றபோதே, "நைனா, இன்னிக்கு ராத்திரிக்குள்ள பரப்பி உட்டாத்தான் அது கொட்ட, நாளைக்கு வந்தியானா ஈக்கும் வண்டுக்கும் உட்டுட்டுப் போவ வேண்டியதுதான்" என்றார். நான் பாடம் நடத்தும் முறையில் அதையே சொன்னால் பின்வருமாறு வரும்.

பருப்பின் செல்கள் நசுங்கியதும் பாலிஃபீனால் ஆக்சிடேஸ் என்ற நொதி காற்றோடு சேர்ந்து ஃபீனால்களைக் குயினோன்களாக்கும். அவை ஒன்றோடொன்று பிணைந்து பழுப்பு நிறப் பெருமூலக்கூறுகளாகும். வெள்ளையாக இருந்த பருப்பு வெட்டிய சிறிது நேரத்தில் பழுப்பாவது இதனால்தான். எண்ணெயை ஆக்சிஜனிடமிருந்து காக்கும் என்று நாம் தேடிப்போகும் பொருள், குவியலில் தானே ஆக்சிஜனுக்கு இரையாகிறது. அதே சமயம் லிப்பேஸ் நொதி கொழுப்பைப் பிரித்துத் தனிக் கொழுப்பு அமிலங்களை மிகுவிக்கும். சாக்லேட்டுக்குப் போகவேண்டிய கொழுப்பு சோப்புக்கு மட்டும் ஆகும். மூன்றாவதும் மோசமானதுமானது பூஞ்சை. ஈரம் குறையாத பருப்பில் அஸ்பர்ஜில்லஸ் வளர்ந்தால் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு சேரலாம். கரைப்பானில் பிரித்தெடுக்கும்போது நல்லது மட்டும் வரும் என்று உத்தரவாதம் இல்லை. 2001இல் ஒடிசாவின் காசிப்பூர்ப் பகுதியில், உண்ண வேறு கதியில்லாமல் கெட்டுப்போன மாம்பருப்பைக் கஞ்சி காய்ச்சிக் குடித்தவர்கள் இறந்தார்கள். கொட்டை என்றாலே இயற்கை, இயற்கை என்றாலே நல்லது என்று நினைப்பவர்கள் அந்தச் செய்தியைத் தேடிப் படிக்கவேண்டும்.

இவற்றோடு மாங்கொட்டைக் கூன்வண்டும் உண்டு. பிஞ்சிலேயே உள்ளே நுழைந்த புழு, பழத்தின் வெளித்தோற்றத்தில் ஒரு குறியும் காட்டாமல் பருப்பைத் தின்று கறுப்புத் தூளாக்கியிருக்கும். ஓட்டை உடைக்காமல் அது தெரியாது. உடைக்கிறவர்தான் பிரித்துப் போடவேண்டும். ஆகவே உடைக்கும் வேலையை முழுக்க இயந்திரத்திடம் விடுவதில் எனக்கு இன்னும் தயக்கம் இருக்கிறது.

இந்த அவசரத்தை நன்றாக அறிந்தவர்கள் நாற்றுப்பண்ணைக்காரர்கள். கிருஷ்ணகிரி மாவட்டம் சந்தூர்ப் பக்கத்து மாங்கன்றுப் பண்ணைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: மாங்கொட்டை நெல்லைப்போல மூட்டை கட்டி அடுத்த பருவத்துக்கு வைக்கக்கூடிய விதை அல்ல, உலர்ந்தால் முளைப்புத் திறன் போய்விடும், வாங்கி, கழுவி, நிழலில் ஆற்றி, சில வாரங்களுக்குள் பாத்தியில் ஊன்றியாக வேண்டும். அவர்கள் கொட்டையைக் கழுவுவதைப் பார்த்தபோதுதான், ஆய்வகத்துக்கும் அதே ஒழுங்கு வேண்டும் என்பது எனக்குத் தெளிவாயிற்று. வேறுபாடு ஒன்றுதான்: அவர்களுக்கு உயிர் வேண்டும், ஆகவே சூடு ஆகாது, எனக்கு நொதி சாகவேண்டும், ஆகவே சூடு வேண்டும்.

நாங்கள் பின்பற்றும் முறை இதுதான். அன்றைய கொட்டையை அன்றே கழுவி, ஓடு வெடிக்கும் அளவுக்கு வெயிலில் விட்டு, துருப்பிடிக்காத எஃகுக் கத்தியால் விளிம்பில் பிளந்து பருப்பை எடுப்போம். கத்தி எஃகாக இருக்கவேண்டும் என்பதில் விட்டுக்கொடுக்க முடியாது. பழைய இரும்பு அரிவாளால் பிளந்தால், வெட்டுவாய் கண்ணெதிரே கருநீலமாகும். கடுக்காயையும் அன்னபேதி என்ற இரும்பு உப்பையும் சேர்த்து மை காய்ச்சிய வினையேதான் அது. வகுப்பில் இதையே சோதனையாகக் காட்டுவேன்: சாற்றில் ஒரு சொட்டு ஃபெர்ரிக் குளோரைடு விட்டதும் நீலக்கறுப்பாக மாறும், கருவேலம்பட்டைச் சாற்றில் விட்டால் பச்சை கலந்த கறுப்பு வரும், அதன் டானின் வேறு வகை. எடுத்த பருப்பைச் சீவி உடனே ஆவியில் சில நிமிடங்கள் வைத்தால் நொதிகள் செயலிழக்கும். வெந்நீரில் போடக் கூடாது. போட்டால் நாம் தேடும் டானினே அந்த நீரில் கரைந்து வீணாகும். மாம்பருப்பை மாவாக்கி உண்ணும் மக்கள் அதைப் பலமுறை ஊறவைத்துத் துவர்ப்பு நீரைக் கொட்டிவிடுவார்கள். அவர்கள் கொட்டும் நீர்தான் எங்கள் சரக்கு.

பிறகு உலர்த்தல். ஜூன், ஜூலையில் வேலூர், சித்தூர்ப் பகுதியில் பகலெல்லாம் நெருப்பாகக் காய்ந்துவிட்டு மாலையில் இடியோடு மழை கொட்டும் என்பதால் திறந்த களம் நம்பத்தக்கதல்ல. 50 முதல் 60 டிகிரிக்குள் சூடான காற்றில், ஈரம் 10 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கும்வரை உலர்த்தினால், அந்தப் பருப்பு மாதக்கணக்கில் நிற்கும். இந்தக் கட்டத்தைத் தாண்டிய பருப்பை வைத்துக்கொண்டு ஆய்வகத்துக்குள் நுழைந்தால், மீதி வேலை பாடநூலில் உள்ளபடியே நடக்கும். தாண்டாத பருப்புக்கு எந்தக் கருவியும் உதவாது.

அந்த மீதி வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அரைத்த பருப்பிலிருந்து ஹெக்சேன் கொண்டு கொழுப்பை எடுப்போம். 69 டிகிரியில் கொதிக்கும் அந்தக் கரைப்பான் எளிதில் தீப்பற்றும் என்பதால் இது வீட்டுக் கொல்லையில் செய்யும் வேலை அல்ல. கொழுப்பு நீங்கிய மாவை எத்தனாலும் நீரும் கலந்த கலவையில் மிதமான சூட்டில் கலக்குவோம். தனி எத்தனாலைவிடவும் தனி நீரைவிடவும் கலவை நன்றாக வேலை செய்யும். நீர் மாவை உப்பவைத்து உள்ளே வழி திறக்கும், எத்தனால் ஃபீனால்களைப் புரதத்தின் பிடியிலிருந்து கழற்றும். வடிகட்டி, குறைந்த அழுத்தத்தில் சுழல் ஆவியாக்கியில் எத்தனாலை மீட்டெடுத்தால், பழுப்பு நிறத்தில் பாகு எஞ்சும். அதை உறையவைத்து உலர்த்தினால் தூள்.

எத்தனால் என்றதும் எல்லைக்காரனுக்கு வரும் தொல்லை ஒன்றைச் சொல்லியாகவேண்டும். ரெக்டிஃபைட் ஸ்பிரிட் வாங்கவும் வைத்திருக்கவும் ஆயத்தீர்வைத் துறையின் உரிமம் வேண்டும். அந்த உரிமம் மாநிலத்துக்கு மாநிலம் தனி. ஆய்வகத்துக்குச் சில லிட்டர் வாங்குவது ஒருவாறு முடியும். தோப்பை ஒட்டிய சிறு கூடத்துக்கு வாங்குவது வேறு கதை. மாங்காய்க்காவது தடையில்லாமல் இருந்ததா என்றால், 2025 ஜூனில் வெளிமாநிலப் பெங்களூரா சித்தூர் மாவட்டத்துக்குள் வரக் கூடாது என்று உத்தரவு வந்து, அதுவும் சோதனைச்சாவடியில் நின்றது.

ஆகவே நீரை மட்டும் வைத்துச் செய்ய முடியுமா என்று பார்த்தோம். காலோடானின்கள் வெந்நீரில் தாராளமாகக் கரையும். செலவும் இல்லை, தீயும் இல்லை, உரிமமும் இல்லை. தொல்லை மாவுச்சத்தில் இருக்கிறது. சூடு 70 டிகிரியைத் தாண்டிப் போகப் போக மாவுச்சத்து கஞ்சியாகும். கஞ்சியானதும் வடிதுணியின் கண்கள் அடைபட்டு, மேலே பழுப்புக் கூழும் கீழே சொட்டு நீருமாக வேலை நின்றுவிடும். துணியைப் பிழிந்தால் மாவு கீழே வரும். விட்டுவைத்தால் இரவுக்குள் புளிக்கும். 55 டிகிரிக்கு மேல் ஏற்றாமல், மாவை நைசாக அரைக்காமல் ரவைப் பதத்தில் விட்டு, முதலில் தெளியவைத்து மேல்நீரை மட்டும் இறுத்தபோது வழி பிறந்தது. எத்தனால் கலவையில் கிடைப்பதைவிடக் கொஞ்சம் குறைவாகக் கிடைக்கிறது. ஆனால் வறண்ட தெலுங்கு கிராமத்திலோ எங்கள் ஊரிலோ ஒரு மகளிர் குழு செய்யக்கூடிய முறை இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். மீமாறுநிலைக் கார்பன் டை ஆக்சைடு முறையைப் பலர் புகழ்கிறார்கள். 31 டிகிரிக்கும் 74 பார் அழுத்தத்துக்கும் மேலே அந்த வாயு நல்ல கரைப்பானாகிறது என்பது உண்மை. ஆனால் அது கொழுப்பைக் கரைப்பதில்தான் கெட்டிக்காரன், டானினைத் தொடக்கூட மாட்டான். கருவியின் விலையை நான் எழுதத் தேவையில்லை.

கிடைத்த சாறு வேலை செய்கிறதா என்று பார்க்க எல்லா ஆய்வகங்களிலும் டி.பி.பி.எச். சோதனையைச் செய்வார்கள். ஆழ்ந்த ஊதா நிறக் கரைசல். அதில் நிலையான தனி உறுப்பு ஒன்று கரைந்திருக்கிறது. சாற்றை விட்டால் ஊதா வெளிறி வைக்கோல் மஞ்சளாகும். எவ்வளவு வெளிறியது என்பதை 517 நானோமீட்டர் ஒளியில் அளந்தால் கணக்கு வந்துவிடும். 1958இல் பிளாய்ஸ் என்பவர் புகுத்திய இந்த முறை எளிமையாகவும் கண்ணுக்கு அழகாகவும் இருப்பதால், மாணவர்கள் அதோடு நின்றுவிடுகிறார்கள். ஆய்வுக்கட்டுரைகளும் பெரும்பாலும் அங்கேயே நிற்கின்றன என்பது என் மனக்குறை. குடுவையில் ஊதாவை வெளிறச் செய்த சாறு எண்ணெயைக் காக்கும் என்பது தனியாக நிறுவப்படவேண்டிய செய்தி. காலோடானின் நீரில் கரையும் பொருள்; அதைத் தூளாக எண்ணெயில் போட்டால் அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். கொஞ்சம் எத்தனாலிலோ லெசித்தினிலோ கலந்து விட்டால்தான் எண்ணெயெங்கும் பரவும். அப்படிப் பரவியபின், நீரை விரும்பும் தடுப்பான்கள், நீரும் எண்ணெயும் பால்போலக் கலந்த பால்மத்தைவிட வெற்று எண்ணெயில் நன்றாக வேலை செய்வதாகவே பல சோதனைகளில் தெரிகிறது. எண்ணெய்க்குள் இருக்கும் நுண்ணிய ஈரத்தையும் காற்று முகப்பையும் அவை நாடிச் சேர்வதே காரணம் என்பது ஒரு விளக்கம்.

நாங்கள் மரச்செக்குக் கடலை எண்ணெயைச் சாறு கலந்தும் கலக்காமலும் 60 டிகிரி அடுப்பில் வைத்து, எவ்வளவு ஹைட்ரோபெராக்சைடு சேர்ந்திருக்கிறது என்பதைக் காட்டும் பெராக்சைடு மதிப்பைத் தயோசல்ஃபேட் கொண்டு தரம்பார்த்து அளப்போம். சர்வதேச உணவுத் தரநிலையில் செக்கு எண்ணெய்க்கு அதன் உச்சம் கிலோவுக்கு 15 மில்லிசமானம், சுத்திகரித்த எண்ணெய்க்கு 10. நல்ல பருப்பின் சாறு கலந்த எண்ணெய், கலக்காத எண்ணெயைவிடத் தெளிவாகத் தாமதித்தே அந்த எல்லையைத் தொடுகிறது. குவியலில் கிடந்து கெட்ட கொட்டையின் சாற்றைக் கலந்ததற்கும் ஒன்றும் கலக்காததற்கும் இடையே சொல்லிக்கொள்ளும்படி வேறுபாடு இல்லை. இரண்டும் ஒரே தோப்பு, ஒரே ரகம், ஒரே கரைப்பான்.

இந்தச் சாற்றை மாத்திரையில் அடைத்து இளமை திரும்பும் என்று விற்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. நான் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை. 1994இல் வெளியான ஃபின்லாந்து ஆய்வில், புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரைச் சேர்த்து, ஆக்சிஜனேற்றத் தடுப்பான்களான பீட்டா கரோட்டினையும் வைட்டமின் ஈயையும் கொடுத்துப் பார்த்தார்கள். பீட்டா கரோட்டின் எடுத்தவர்களிடம் நுரையீரல் புற்று குறையவில்லை, 18 விழுக்காடு கூடியது. எண்ணெய்ப் புட்டியில் நடக்கும் சங்கிலி வினையும் உடம்பில் நடப்பதும் ஒன்றல்ல. அதோடு, துவர்ப்பு மிகுந்த டானின் உணவிலுள்ள புரதத்தையும் இரும்பையும் பிணைத்துக்கொள்ளும். இரத்தசோகை பரவலாக உள்ள நம் ஊர்ப் பெண்களுக்கு அதை விற்பது எனக்குச் சம்மதமில்லை. எண்ணெய்க்கும் தின்பண்டத்துக்கும் காவலாக வைத்தால் போதும். அதற்கே, வழக்கத்தில் இல்லாத உணவுப்பொருளாக உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் ஒப்புதலைப் பெறவேண்டியிருக்கும்.

கணக்குக்கு வருகிறேன். ஒரு டன் பழத்தில் 150 கிலோ கொட்டை என்று வைத்துக்கொண்டால், அதில் ஏறத்தாழ பாதி பருப்பு. உலர்ந்தபின் 40 கிலோவுக்குக் கொஞ்சம் கீழே நிற்கும். அதில் மூன்று, நான்கு கிலோ கொழுப்பு. மீதி, சாறு இறக்கத் தகுந்த மாவு. ஓடு முழுவதும் எரிபொருள்; பருப்பை உலர்த்தும் சூட்டை அந்த ஓட்டிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். சாறு இறங்கிய மாவில் துவர்ப்பு குறைந்துவிடுவதால், பச்சையாகக் கொடுத்தால் மாடு ஒதுக்கும் அதைத் தீவனத்தில் கலக்க முடியும். 2025இல் பெங்களூராவின் விலை விழுந்தபோது, ஆலைகள் கிலோவுக்கு 8 ரூபாயும் அரசு 4 ரூபாயுமாகச் சேர்த்து 12 ரூபாய் விவசாயிக்குக் கிடைக்கவேண்டும் என்று ஆந்திர அரசு ஏற்பாடு செய்தது. அந்த 8 ரூபாய்க்கே ஆலைகளோடு மல்லுக்கட்டவேண்டியிருந்ததை எங்கள் பக்கத்தில் எல்லோரும் பார்த்தோம். கொட்டைக்கு ஒரு விலை வந்தால் அது ஆலைக்குப் போகுமா, தோப்புக்காரருக்கு வருமா என்று என் சித்தப்பா கேட்டார். கொட்டையின் பணம் எடை போடும்போதே காயின் விலையில் ஏறாவிட்டால் எங்களுக்கு வராது என்றேன். "அப்ப நீ கொட்டையை உடைடா, நான் விலையைப் பேசறேன்" என்று சொல்லிவிட்டார்.

வரும் பருவத்துக்கு ஓர் ஆலையின் முற்றப் பொறுப்பாளரோடு பேசியிருக்கிறோம். கொட்டை பிரிக்கும் இயந்திரத்தின் வாயிலேயே துளையிட்ட தட்டுகள் வைத்து, குவியலாகக் கொட்டாமல் நேரே கழுவு தொட்டிக்கு அனுப்ப அவர் ஒத்துக்கொண்டிருக்கிறார். தட்டுகளைப் பட்டறையில் சொல்லியாயிற்று. கழுவும் நீரை ஆலையே தரும். பிளப்பதற்கு ஆறேழு பெண்கள் வேண்டும். அவர்களுக்குக் கிலோவுக்குக் கூலியா, நாளுக்குக் கூலியா என்பது இன்னும் பேசி முடியவில்லை. கிலோ கணக்கு என்றால் வண்டு தின்ற பருப்பையும் அவசரத்தில் சேர்த்துவிடுவார்கள் என்பதால் நாள் கூலிதான் சரி என்பது என் கட்சி, ஆலைக்காரர் மறுக்கிறார்.